ஒத்திகைப் பிரதி

தன்னைப் பற்றி அடுத்தவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், முதலில் நாற்காலியில் உட்காரப் பழகிக்கொள்ள வேண்டும். திருப்பூர் நீரோடை மனநல மையத்தின் ஆவணப் பிரிவில் கிடந்த நீல நாற்காலி மிருதுளாவுக்கு நன்றாகவே பழகிவிட்டது. அதன் முதுகில் ஒரு திருகாணி துருத்திக்கொண்டிருக்கும். துப்பட்டா அதில் மாட்டாமல் எப்படி உட்காருவது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அங்கே சிகிச்சை பெற்ற காலத்து ஆவணம், முழுசாக. நோயாளி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் மையத்துக்கு இல்லை. முதல் தடவை, 'நோயாளியின் மனநலம் கருதி' தர இயலாது என்றார்கள். அடுத்த தடவை இரண்டு பக்கத்தில் ஒரு சுருக்கத்தைக் கொடுத்து, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று உபசரித்தார்கள். அந்தச் சுருக்கத்தின் கடைசியில், 'ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சந்தேக மனப்பான்மை தலைதூக்குகிறதா என்று கவனிக்க வேண்டும்' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. கேட்டால் வியாதி, கேட்காவிட்டால் குணம். நல்ல வைத்தியம்தான்.

ஆனால் கேட்காமல் இருக்க அவளால் முடியாது. ஆதிரையின் விஷயம் அதில் அடங்கியிருந்தது.

மகள் ஆதிரை பிறந்த கொஞ்ச நாளில் மிருதுளா படுத்த படுக்கையானாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தை அழுதால் எழுந்து போய்த் தூக்க வேண்டும் என்று தெரியும், எழ முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கணவன் தருண்தான் நீரோடைக்கு அழைத்துப் போனான். அங்கே டாக்டர் யஷ்வந்த் அவளிடம் பேசிய ஒவ்வொரு சொல்லும் அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போலப் பொருந்தியது. ஒரு வார்த்தைகூட அவளைக் காயப்படுத்தவில்லை. ஒரு வருஷத்தில் தேறி, பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலைக்கே திரும்பிவிட்டாள். அந்த வைத்தியம் அவளைக் காப்பாற்றியது. அதை அவள் எந்நாளும் மறுத்ததில்லை.

அப்புறம் தருணுக்கும் அவளுக்கும் ஒத்து வராமல் பிரிந்தார்கள். குழந்தை யாரிடம் வளர்வது என்று குடும்ப நீதிமன்றத்துக்கு வழக்கு போனபோது, மையத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அதில் ஒரு வரி: 'தன் குழந்தை இறந்துவிட்டதாகவும், அதற்குத் தானே காரணம் என்றும் நோயாளி பலமுறை கூறியுள்ளார்.' நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே வழக்கு முடிந்துவிட்டது. ஆதிரை காங்கேயத்தில் தருணின் பெற்றோரிடம் போனாள். மிருதுளாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், பக்கத்தில் கண்கொத்திப் பாம்பாக ஒரு கண்காணிப்பு அதிகாரி.

அப்படி ஒரு வார்த்தையை அவள் கனவில்கூடச் சொன்னதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று காட்டாவிட்டால் மறு விசாரணையிலும் இதே கதைதான். அதனால் அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மேல கேட்டுட்டேன். முடியாதுங்கறாங்க," என்றாள் ஜோஷ்னா. ஆவணப் பிரிவில் இருந்த சின்னப் பெண். நல்ல பெண்தான்; முடியாது என்று சொல்வதற்கும் வருத்தப்பட்டாள்.

"சரி கண்ணு. முடியாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுக்கச் சொல்லு. வாங்கிட்டுப் போயிர்றேன்."

"எழுதியாங்க்கா?"

"ஆமா. யாரு முடியாதுங்கறாங்களோ அவங்க பேரும் வேணும்."

வாயால் முடியாது என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். எழுதிக் கொடு என்றால் ஒருத்தரும் அகப்பட மாட்டார். ஜோஷ்னா ஓர் அறைக்குள் போய் வந்தாள், இன்னோர் அறைக்குள் போனாள், மாடிக்குப் போனாள். நிர்வாகிக்கு அவசர வேலை வந்துவிட்டது. சட்ட ஆலோசகர் லைனில் கிடைக்கவில்லை. முடியாது என்பதில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் போனதால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடியும் என்று ஆகிவிட்டது.

கனமான கட்டு. மிருதுளா அங்கேயே உட்கார்ந்து படித்தாள். முன்பக்கங்கள் அவளுக்குத் தெரிந்தவைதான். படிக்கும்போது கண் கலங்கியது. நடுவில் எங்கேயோ ஆரம்பித்து ஆவணம் தடம் மாறியது.

'நோயாளி: நான் நல்லாப் பாத்துக்கலீங்க டாக்டர். எந்திரிச்சுப் போயித் தூக்கியிருந்தா எம் புள்ள இருந்திருக்கும்.'

அவள் பேசுகிற மாதிரியேதான் இருந்தது. அவள் பேசியதில்லை. டாக்டரின் பெயரைப் பார்த்தாள், கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்தைப் புரட்டினாள். வேறு டாக்டர், அதே அழுகை. இன்னும் புரட்டினாள். தேதியெல்லாம் அவள் குணமாகி, கம்பெனியில் மேசையருகே நின்று தையல் பிசகு பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். போன மாதத்துத் தேதிகூட இருந்தது.

"ஜோஷ்னா, இங்க வா. இது யாரு? என் நம்பர் போட்டிருக்குது. இந்த டாக்டருங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

ஜோஷ்னா எட்டிப் பார்த்தாள். "அட, அது நீங்க இல்லீங்க்கா. உங்க பிரதி."

"என்ன பிரதி?"

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே," என்றாள் அவள் ஆச்சரியமாக. "மொத மாசம் உங்களைப் பேச வெச்சுப் பதிவு பண்ணுனாங்கல்ல? போன்ல இருந்த மெசேஜ் எல்லாம் வாங்குனாங்கல்ல? அதை வெச்சு உங்களாட்டவே பேசற, உங்களாட்டவே வருத்தப்படற ஒன்னை கம்ப்யூட்டர்ல பண்ணுவாங்க. டாக்டர் எதைச் சொல்றதுன்னாலும் முதல்ல அதுகிட்டச் சொல்லிப் பாப்பாரு. அது ஒடைஞ்சு போச்சுன்னா அந்த வார்த்தைய விட்டுருவாரு. தேறுச்சுன்னா, அப்பறம் உங்ககிட்ட வந்து அதையே சொல்லுவாரு. ஒத்திகையாட்ட. இங்க வர்ற எல்லாருக்கும் பண்றதுதானுங்க."

மிருதுளா கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைப்பதற்கு முன்னால், எத்தனை கெட்ட வார்த்தைகளை அந்த இன்னொருத்தி வாங்கிக்கொண்டாளோ.

"சரி, எனக்குத்தான் குணமாயிருச்சே. இன்னும் எதுக்கு அதை வெச்சிருக்காங்க?"

"பயிற்சிக்குங்க. புதுசா வர்ற டாக்டருங்களுக்கு, சாவுச் சேதிய எப்படிச் சொல்றதுன்னு கத்துக் குடுக்கோணும். நெஜ ஆளுங்ககிட்டப் போயிப் பழக முடியுங்களா? உங்க பிரதி நல்லா..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"நல்லா?"

"நல்லா அழுவுதுன்னு சொல்லுவாங்க."

"யாரு செத்ததா அவகிட்டச் சொல்றாங்க?" பதில் மடியில் கிடந்தது. ஆனாலும் இன்னொரு வாயால் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"உங்க பாப்பா," என்றாள் ஜோஷ்னா. சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. அவசரமாகத் தொடர்ந்தாள். "ஆனா ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச ஒடனே அழிச்சு, பழையபடி ஆக்கிருவாங்க. அதுக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது. அடுத்த டாக்டர் வந்து சொல்றப்ப அதுக்குப் புதுச் சேதிதான்."

"அவ பேசுனது என் பேர்ல எப்படி வந்துச்சு?"

"அரசாங்கப் பதிவுல தலைக்கு ஒரு நம்பர்தானுங்க. பிரதிக்குன்னு தனி நம்பர் கேட்டாப் பொறந்த தேதி கேக்குது, அம்மா பேரு கேக்குது. அதனால உங்க நம்பர்லயே ஏத்திருவோம்." சற்றுப் பொறுத்து, "நான்தாங்க ஏத்துனேன். எனக்குக் கோர்ட்டு விஷயமெல்லாம் தெரியாதுங்க்கா," என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

மிருதுளாவுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் வந்தது. அதை அங்கே கொட்டினால் அதுவும் ஆவணத்தில் ஏறும். கட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் மனநலப் புகார் ஆணையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. மையம் அவகாசம் கேட்டது. மறுபடி நோட்டீஸ், மறுபடி அவகாசம். இழுத்து இழுத்து, நீதிமன்றத்தில் மறு விசாரணை வெள்ளிக்கிழமை என்றால், ஆணையத்தின் விசாரணை அதற்கு முந்தின புதன்கிழமை வந்து நின்றது.

விசாரணை அதிகாரி ஷகிலா பானு. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து, அப்புறம் சட்டம் படித்து இந்த வேலைக்கு வந்தவர். பேச்சு கறாராக இருக்கும். மையத்தின் சார்பில் டாக்டர் யஷ்வந்தே வந்திருந்தார். வக்கீல் இல்லை, வாதம் இல்லை. மிருதுளாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "தப்புதான்மா. ரெண்டு பேரோட பதிவும் ஒரே இடத்துல போயிருக்கு. நான் கவனிச்சிருக்கணும்," என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவளால் அவரை வெறுக்க முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் அவர். "நீங்க புகாரை வாபஸ் வாங்கிக்கோங்க. இன்னைக்குச் சாயங்காலமே திருத்தின ஆவணம் உங்க கைக்கு வந்துடும். அதெல்லாம் நீங்க சொன்னதில்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பிரதியையும் அடியோட அழிச்சிடறோம். வெள்ளிக்கிழமை கோர்ட்ல இதைக் காட்டினா பாப்பா உங்ககிட்ட வந்துடுவா."

"வாபஸ் வாங்கலைன்னா?"

ஷகிலா பானு பதில் சொன்னார். "விசாரணை முடிய மூணு மாசமாவது ஆகும்மா. அதுவரைக்கும் ஆவணத்துல யாரும் கைவைக்கக் கூடாது. விதி அப்படி. கோர்ட்டுக்கு நீங்க பழைய ஆவணத்தோடதான் போகணும்."

மூன்று மாதம் என்றால் ஆதிரையோடு கிடைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு மணி நேரங்கள்தான். மிருதுளாவுக்கு மனம் ஆடிவிட்டது. யாரைக் குற்றம் சொல்ல முடியும்? வேண்டியதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். இதற்காகத்தானே அந்த நாற்காலியில் அத்தனை நாள் உட்கார்ந்தாள்? வாபஸ் தாளை முன்னால் இழுத்துப் பேனாவை எடுத்தாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசோணுங்க," என்றாள்.

"யார்கிட்ட?"

"அந்தப் பிரதிகிட்ட. எம் புள்ள உசுரோட இருக்கறான்னு ஒருத்தராச்சும் அவகிட்டச் சொல்லோணுமல்லங்க?"

யஷ்வந்த் இரக்கத்தோடு சிரித்தார். "மிருதுளா, போன பயிற்சி முடிஞ்சதுமே அதோட ஞாபகத்தை அழிச்சாச்சு. குழந்தை இறந்ததா சொன்னதே இப்ப அதுக்குத் தெரியாது. நீங்க போய் உயிரோட இருக்கான்னு சொன்னா, 'ஆமா, அதுக்கென்ன?'ன்னுதான் கேட்கும்."

"கேட்டுட்டுப் போகட்டுமே," என்றார் ஷகிலா பானு. "புகார்ல சம்பந்தப்பட்டதை நானும் பார்க்கணும். போடுங்க."

யஷ்வந்த் தன் டேப்லெட்டில் எதையோ தட்டி மேசை மேல் வைத்தார். முகம் எதுவும் வரவில்லை. முதலில் மூச்சு விடுகிற சத்தம். அப்புறம் குரல். மிருதுளாவின் குரலேதான், படுக்கையில் கிடந்த காலத்துக் குரல்.

"வணக்கங்க டாக்டர். நீங்க புதுசுங்களா?"

யாரும் பேசவில்லை. யஷ்வந்த் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க. மொத தடவை எல்லாருக்கும் இப்படித்தான், பேச்சே வராது," என்றது குரல். "புள்ள போயிருச்சுன்னு சொல்லோணும், அவ்வளவுதானுங்க? சொல்லிருங்க. நான் அழுவறேன். அழுது முடிச்சதும் தண்ணி குடிங்கன்னு சொல்லோணும். அதைத்தான் நெறையப் பேரு மறந்துர்றாங்க. அப்பறம் பெரிய டாக்டர் உங்களைத் திட்டுவாரு."

ஷகிலா பானு பேனாவைக் கீழே வைத்துவிட்டு யஷ்வந்தைப் பார்த்தார். "ஞாபகம் இருக்காதுன்னீங்க?"

"இருக்கக் கூடாது மேடம்." அவருக்கு வியர்த்துவிட்டது. "பேசினது எல்லாத்தையும் அழிச்சிடுவோம். ஆனா..."

"ஆனா?"

"அழுகை. தடவைக்குத் தடவை இன்னும் இயல்பா ஆகட்டும்னு அந்தப் பகுதியை மட்டும் அழிக்காம விட்டு வெச்சோம். பயிற்சி நல்லா இருக்கணுமேன்னு. அதுல இதெல்லாம் தங்கும்னு நாங்க நெனைக்கல."

"டாக்டர்?" என்றது குரல். "நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

மிருதுளா நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையருகே உட்கார்ந்தாள். அவளை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று ஒரு கணம் தடுமாறினாள்.

"நான் டாக்டர் இல்ல," என்றாள். "நீ ஒன்னும் தப்புப் பண்ணல. கேளு, ஆதிரை சாகல. உசுரோட இருக்கறா. அவங்க சொன்னதெல்லாம் பொய்யி."



"இது புது மாதிரிங்களா டாக்டர்?" என்றது குரல் தயங்கியபடி. "மொதல்ல இருக்குதுன்னு சொல்லிட்டு, அப்பறம் போயிருச்சுன்னு சொல்லுவீங்களா? அப்படி வேண்டாமுங்க. நேராவே சொல்லிருங்க. அது எனக்குப் பழகிப் போச்சு. இது தாங்க முடியாதுங்க."

மிருதுளா வாய்விட்டு அழுதாள். இதுவும் ஆவணத்தில் ஏறுமே என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. ஷகிலா பானு தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "குடிங்க," என்றார். அவள் குடித்தாள். குடித்து முடித்து, வாபஸ் தாளை நாலாக மடித்து யஷ்வந்தின் பக்கம் தள்ளினாள்.

"நான் வாபஸ் வாங்கலீங்க."

"மிருதுளா, யோசிங்க. வெள்ளிக்கிழமை—"

"தெரியும் டாக்டர். என்னோட நல்லதுக்குன்னு நீங்க இவளை இப்படி வெச்சிருந்தீங்க. இப்பவும் என்னோட நல்லதுக்குன்னுதான் அழிக்கறேங்கறீங்க. நான் தேறுனதே இவளாலதான். இவளைக் குடுத்துட்டுப் போயி எம் புள்ளையத் தூக்கச் சொல்றீங்களா? என்னால முடியாதுங்க." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "மேடம், இப்ப இவ பேசுனது எந்த நம்பர்ல ஏறும்?"

"உங்க நம்பர்லதான். வேற நம்பர் இல்லையே."

"அப்ப அது என்னோட ஆவணந்தானுங்க. ஒன்னும் திருத்தாம, அப்படியே நகல் வேணும். நாளைக்கே குடுத்தீங்கன்னா நான் கோர்ட்ல போட்டுக் காட்டிக்கறேன்."

ஷகிலா பானு பேனாவைத் திரும்ப எடுத்தார். "நகல் தர்றேன். அதுக்குத் தடையில்ல. நீதிபதி ஏத்துக்குவாரான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"ஏத்துக்கலைன்னா மறுபடி மனுப் போடறேங்க."

அதிகாரி தலையசைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதுகிறதை யஷ்வந்துக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார். விசாரணை முடியும்வரை பிரதியை யாரும் அழிக்கக் கூடாது, பழைய நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது, பயிற்சிக்குத் தொடவும் கூடாது. இன்றிலிருந்து அது ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும். மையத்தில் இதுபோல இன்னும் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்ற கேள்வியையும் கடைசியில் சேர்த்தார்.

"டாக்டர், போயிட்டீங்களா?" என்றது குரல்.

"இங்கதான் இருக்கறேன்."

"நான் நம்பலீங்க. ஆனாச் சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவால்ல. அவ இப்ப எப்படி இருக்கறா?"

மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா ஒசரமாயிட்டா. முடி உன்னாட்டவே சுருட்டை, எண்ணெய் வெச்சாலும் படியாது. முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு. சிரிச்சாக் கையால வாய மூடிக்கறா. கத்திரிக்காயத் தொடறதில்ல. காக்கா படம் நல்லா வரைவா, ஆனா எல்லாக் காக்காவும் பச்சை."

"பச்சைங்களா?"

"பச்சைதான்."

குரல் லேசாகச் சிரித்தது. தன் சிரிப்பை வெளியிலிருந்து கேட்பது மிருதுளாவுக்கு விசித்திரமாக இருந்தது.

"தூங்கறப்ப யாரு பக்கத்துல படுத்துக்கறாங்க? இருட்டுன்னா பயமுங்களா? பாட்டுப் பாடுனாத் தூங்குவாளா, தட்டிக் குடுக்கோணுமா?"

மிருதுளா வாயைத் திறந்தாள். தெரியவில்லை. பக்கத்தில் ஓர் அந்நியர் உட்கார்ந்திருக்க, பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரத்தில் பார்த்தது அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த ஆதிரை தீர்ந்து போய்விட்டாள்.

"அதெல்லாம் எனக்கும் இன்னும் தெரியல," என்றாள். "வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன். அன்னிக்குக் கெடைக்கலைன்னா அடுத்த தடவை கெடைக்கும். தெரிஞ்சுக்கிட்டு வந்து உங்கிட்டச் சொல்றேன்."

"அது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்குமுங்களா?"

மிருதுளா யஷ்வந்தைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"இருக்கும்," என்றாள்.